சித்தேரித் திட்டில் மூன்று குழி

ஒரகடத்தில் நான் தங்கிய ஓட்டலில் காலைச் சாப்பாட்டுக்கு இட்லியையும் மிசோ சூப்பையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். சூப்பில் கறிவேப்பிலை மிதந்தது. ஜப்பானில், நான் வசிக்கும் ஹமாமட்சுவில் யாரிடமாவது சொன்னால் அடிக்க வருவார்கள், ஆனால் எனக்கு அது பிடித்தே விட்டது. பரிமாறியவர் எல்லோருக்கும் ஜப்பானிய மொழியில் காலை வணக்கம் சொல்வதுபோல எனக்கும் "ஒஹாயோ கொஸாய்மஸ்" என்றார். பழக்கதோஷத்தில் நானும் அதையே திருப்பிச் சொல்லித் தொலைத்தேன். அதன்பிறகு நான் என்ன தமிழ் பேசியும் அவர் நம்பவில்லை. மேடம் தமிழை நன்றாகக் கற்றுக்கொண்டிருக்கிறீர்கள் என்று பாராட்டிவிட்டு இன்னொரு வடை வைத்தார். பாளையங்கோட்டையில் பிறந்தவளுக்கு இப்படி ஒரு சர்டிஃபிகேட்.

எனக்கு ஊர் பாளையங்கோட்டை, வீடு ஜப்பானில். இங்கே கடைப்பலகைகளில் ஜப்பானிய எழுத்து, கொரிய எழுத்து, இந்தி, நடுவில் தமிழ். காதில் விழுகிற தமிழோ எனக்குப் பாதிதான் புரிகிறது. அந்தக் கணக்கில் ஒரகடம் எனக்கு முழு வெளிநாடு. நெல்லையில் ஒரு கல்யாணத்துக்கு வந்தவள், திரும்பும் வழியில் மூன்று நாளை இதற்கென்று ஒதுக்கியிருந்தேன். காரணம், என் பக்கத்து வீட்டு மொரிதா சான்.

அங்கே 'சான்' என்பது நம் 'சார்' மாதிரி. மொரிதா சான் ஓய்வுபெற்ற பொறியாளர். பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் இந்தப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பிரஸ் எந்திரங்களை நிறுவ வந்தவர். அப்போது அவரும் இன்னும் நாலு ஜப்பானியரும் சேர்ந்து, ஏரி நடுவில் இருந்த ஒரு திட்டில் கோல்ஃப் கிளப் நடத்தினார்கள். மூன்றே மூன்று குழி. புல்லைப் பார்த்துக்கொள்ள சூசை என்று ஒருவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மொரிதா சான் அடித்த பந்து, சூசையும் வேறு சிலரும் தெப்பத்தில் வந்துகொண்டிருந்த பக்கமாகப் பாய்ந்தது. இவர் கத்தினார், இரண்டு கையையும் ஆட்டினார். தெப்பத்தில் எல்லோரும் குனிந்தார்கள், ஒரு பெண்ணின் அலறல் கேட்டது, தெப்பம் கரைக்கே திரும்பிவிட்டது. மறுநாளிலிருந்து சூசை வேலைக்கு வரவில்லை.

யாருக்கு அடிபட்டது என்று மொரிதா சான் அலுவலகத்தில் விசாரித்தாராம். எல்லோரும் சிரித்துக்கொண்டே "நோ ப்ராப்ளம் சார்" என்றார்களாம். நம் ஆட்கள் இந்த வார்த்தையை எப்போது சொல்வார்கள் என்று அவருக்குத் தெரியும். எந்திரத்திலிருந்து புகை வந்தபோதும் அதைத்தான் சொன்னார்கள். அடுத்த மாதமே அவரை ஜப்பானுக்கு மாற்றிவிட்டார்கள். ஒரு கண்ணோ, ஓர் உயிரோ தன்னால் போயிருக்கிறது, தன்னிடம் மறைக்கிறார்கள் என்ற நினைப்போடுதான் இத்தனை வருடமும் இருந்திருக்கிறார். இப்போது அவருக்கு இதய ஆபரேஷன் நாள் குறித்தாகிவிட்டது. மயக்க மருந்து கொடுக்கும் முன்னால் எனக்குத் தெரிந்தாக வேண்டும், கெட்ட செய்தியானாலும் சரி, மறைக்காமல் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார். ஊரின் பெயர்கூட அவருக்கு நினைவில்லை. சேரப்பணஞ்சேரிக்குப் போகிற வழியில் ஓர் ஏரி, அவ்வளவுதான்.

முதல் நாள் முழுக்க வீண். கோல்ஃப் கிளப் எங்கே இருந்தது என்று ஆட்டோக்காரரிடம் கேட்டேன். தெரியும் மேடம் என்று கொண்டுபோய் ஒரு மனைப்பிரிவில் இறக்கிவிட்டார். அதன் பெயரில் கோல்ஃப் இருந்தது. உள்ளே கல் நட்ட மனைகளும் ஒரு தகரக் கொட்டகையும் இருந்தன. கொட்டகையில் உட்கார்ந்திருந்தவர் கிழக்குப் பார்த்த மனை இரண்டுதான் பாக்கி என்று என் கையில் தண்ணீர் பாட்டிலைத் திணித்தார். கோல்ஃப் எங்கே என்று கேட்டதற்கு, வரும் மேடம், எல்லாமே வரும் என்றார். தப்பித்து வருவதற்குள் என் கைப்பேசி எண்ணை வாங்கிவிட்டார். இன்றுவரை ஹமாமட்சுவுக்குக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

இரண்டாம் நாள் ஏரி ஏரியாகப் பார்ப்பது என்று கிளம்பினேன். வல்லம் வடகால் பக்கம் மட்டும் எத்தனை ஏரி! சிலவற்றில் தண்ணீர், சிலவற்றில் சுற்றுச்சுவர். எதிலும் திட்டைக் காணோம். மத்தியானம் வெயிலில் மண்டை காய்ந்து, பசியும் எரிச்சலுமாக ரோட்டோரம் நின்று வந்த முதல் பஸ்ஸுக்குக் கையைக் காட்டினேன். நின்றது. ஏறி உட்கார்ந்து, டிக்கெட் கொடுக்க யாரும் வரவில்லையே என்று திரும்பிப் பார்த்தால் பஸ் முழுக்க ஒரே நீலச் சட்டை. ஷிஃப்ட் முடிந்து போகிற கம்பெனி பஸ்.

பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஜப்பான் ரயிலிலும் இப்படித் தூங்குவார்கள், ஆனால் அங்கே பக்கத்து ஆளின் தோளில் சாய்ந்தால் மன்னிப்புக் கேட்க வேண்டும். இங்கே ஒரு பெண் முன்பின் தெரியாத என் தோளில் சாய்ந்து நிம்மதியாக உறங்கினாள். முன் சீட்டில் இருந்தவள் திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"யக்கா, நீங்க எந்த லைன்?"

தெரியாமல் ஏறிவிட்டேன் தாயி என்றேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. தாயி என்றதுமே நம்ம பக்கத்து ஆள் என்று கண்டுபிடித்துவிட்டாளாம். அவள் பெயர் முத்துச்செல்வி, சங்கரன்கோவில். வயர் கட்டும் லைனில் வேலை, ஓ.டி. பார்த்துத் தம்பியைப் படிக்கவைக்கிறாள். ஒரகடத்தில் அவளுக்கு எல்லாம் சரி, சாம்பாரில் மட்டும் இனிப்பை அள்ளிப் போட்டுவிடுகிறார்களாம். நான் தேடி வந்த கதையைச் சொன்னேன். சூசை என்ற பெயரைக் கேட்டதும் அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எங்க ஹவுஸ் ஓனரு பேரு சூசைதான். ஜப்பான்காரங்ககிட்ட வேலை பாத்தவருன்னு சொல்லுவாங்க. ஆனா ஜப்பான்னு பேச்செடுத்தா எந்திரிச்சுப் போயிருவாரு."

மனிதர் உயிரோடு இருக்கிறார்! எனக்கு அந்த பஸ்ஸிலேயே அழுகை வந்துவிட்டது. கண் தெரியுமா, கை கால் நன்றாக இருக்கிறதா என்று கேட்டேன். நன்றாகத்தான் இருக்கிறார் என்றாள். அப்படியானால் அடிபட்டது வேறு யாருக்கு?

சூசையின் வீடு சேரப்பணஞ்சேரிக்கு முன்னால் ஒரு சின்ன மாதா கோயிலை அடுத்து இருந்தது. கீழே அவர்கள் குடும்பம், மாடியில் வரிசையாக அறைகள், அவற்றில் முத்துச்செல்வியைப் போன்ற பெண்கள். அறுபது தாண்டிய, ஒல்லியான மனிதர் ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தார். மரியாதையாக, "அண்ணாச்சி, வணக்கம்" என்றேன்.

"நான் இன்னா மளிகைக்கடையா வச்சிகினு கீறேன்?" என்றார் திரும்பாமலே.

எங்கள் பக்கம் பெரியவர்களை அப்படித்தான் கூப்பிடுவோம், இந்தப் பக்கம் அண்ணாச்சி என்றால் பலசரக்குக் கடைக்காரர் என்று முத்துச்செல்வி என் காதில் சொன்னாள். நாக்கைக் கடித்துக்கொண்டு ஜப்பானிலிருந்து வருகிறேன் என்று ஆரம்பித்தேன். அவ்வளவுதான், தழையைக் கீழே போட்டுவிட்டு வீட்டின் பின்பக்கம் போய்விட்டார். எனக்கும் சுருக்கென்று கோபம் வந்தது. வெயிலில் அலைந்து வந்தவளுக்கு ஒரு வாய்த் தண்ணீர் கூட இல்லையா?

அவர் மனைவி லூர்து தண்ணீர் கொடுத்தார், பிறகு சோறே போட்டார். சங்கரா மீன் குழம்பு, அப்பளம். ஏரி மீன் வாங்கி எத்தனையோ வருடமாச்சு, இது படப்பையில் வாங்கினது என்று வருத்தப்பட்டார். கிளப்பைப் பற்றிக் கேட்டேன். பின்பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார்.

அந்தத் திட்டில் இவர்கள் ஆடுதான் மேயும். ஆடு கடித்த புல் ஒரே மட்டமாக இருப்பதைக் கரையிலிருந்து பார்த்துத்தான் மொரிதா சானுக்கு அந்த யோசனையே வந்ததாம். தீவுக்கு ஜப்பானிய மொழியில் ஷிமா. ஊர்க்காரர்கள் காதில் அது சீமை என்று விழுந்து, சீமைத் திட்டு என்றே பெயர் நிலைத்துவிட்டது. கம்பெனியின் காலி நீல டிரம்களைக் கட்டித் தெப்பம் செய்தார்கள். கரைக்கும் திட்டுக்கும் நடுவே ஒரு கயிறு, அதைப் பிடித்து இழுத்துக்கொண்டே போக வேண்டும். பெயின்ட் டப்பாவைப் புதைத்துக் குழி, கம்பியில் துணி கட்டிக் கொடி.

"நல்லா அட்ச்சா 'சோத்தோ, சோத்தோ'ன்னு கத்துவாங்களாம். பாவம், பசியில சோறு கேக்குறாங்கன்னு இவரு வந்து சொன்னாரு. நானும் வாராவாரம் அஞ்சு பேருக்கும் சோறு கட்டிக் குடுத்து அனுப்புவேன்" என்றார் லூர்து.

எனக்குப் புரையேறிவிட்டது. நல்ல அடி என்பதை அவர்கள் "நைஸ் ஷொட்டோ" என்பார்கள். லூர்து கட்டிக் கொடுத்த சோற்றை ஐந்து பேரும் ஏன், எதற்கு என்று கேட்காமல் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டிருக்கிறார்கள். அந்தக் குழம்பைப் பற்றி மொரிதா சான் இன்றைக்கும் பேசுகிறார் என்று சொன்னதும் லூர்துக்கு வாயெல்லாம் பல்.

பச்சைக் கொடி கட்டியிருந்தார்கள் என்று லூர்து சொன்னபோது, பின்பக்கத்திலிருந்து, பச்சை இல்லை, சிவப்பு என்று குரல் வந்தது. மூன்றாவது குழி புளிய மரத்தடியில் என்றார் லூர்து. வேப்ப மரம் என்றது குரல். இன்னும் இரண்டு தப்பு பொறுத்துப் பார்த்தார், பிறகு பொறுக்க முடியாமல் அவரே உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார். லூர்து என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். கெட்டிக்காரி!

கிளப்பின் சட்டங்களை சூசை விரல் விட்டுச் சொன்னார். ஆடு பந்தை நகர்த்தினால் நகர்ந்த இடத்திலிருந்தே அடிக்கலாம். எருமைச் சாணியில் விழுந்தால் கையால் எடுத்து வைக்கலாம், எடுப்பது அடித்தவன் பொறுப்பு. பந்து ஏரியில் விழுந்தால் அன்றைய டீ அவர் செலவு. பக்கத்துக் கம்பெனியிலிருந்து ஒரு கொரியர்கூட வந்து சேர்ந்தாராம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து திட்டுக்குப் போனால் மொரிதா சான் எழுந்து நின்று குனிந்து வணக்கம் வைப்பாராம். ஆயுளில் தனக்கு அப்படி யாரும் வணக்கம் வைத்ததில்லை என்றார். சொல்லும்போதே குரல் மாறிவிட்டது.

அதன்பிறகு நான் கேட்காமலே அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வந்தார். மகள் ஸ்டெல்லாவுக்கு ஓர் இடம் கூடி வந்திருந்தது. மாப்பிள்ளையின் அப்பா அம்மா வந்தார்கள். நான் வேலை செய்கிற இடத்தைப் பாருங்கள், ஜப்பான் தொரை எனக்கு எப்படி மரியாதை கொடுக்கிறார் பாருங்கள் என்று பெருமையாகத் தெப்பத்தில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். எப்போதும் ஆடுகிறவர்களுக்குப் பின்னால் நிற்கிறவர், அன்றைக்குத்தான் முன்பக்கமாக, தண்ணீரிலிருந்து வந்தார்.

"பாதி தூரங்கூட போவல. என்னப் பாத்து ரெண்டு கையையும் வீசிகினு, 'போ, போ'ன்னு கத்துனாரும்மா. சம்பந்தி எதுருல. பந்து பக்கத்துல தண்ணில வந்து வுழுந்துச்சு. நாயத் தொரத்துறாப்ல பந்தால அட்ச்சித் தொரத்துனாரு."

யாருக்காவது பட்டதா என்று அவசரமாகக் கேட்டேன். யாருக்கும் படவில்லை, அந்தம்மா பயந்து கத்தினதுதான் என்றார். எனக்குப் பாதி உயிர் வந்தது. ஆனால் அவர் முடிக்கவில்லை.

"கரைக்கு வந்ததும் சம்பந்தி சொன்னாரு, பொண்ணோட அப்பனுக்கே இதான் மரியாதன்னா எங்களுக்கு இன்னா கெடைக்கும்னு. அத்தோட போனவங்கதான். ஒத்த எழுத்தும்மா. அந்த ஒத்த எழுத்துல என் மவ கல்யாணம் நின்னுச்சு."

ஸ்டெல்லா இப்போது படப்பையில் புருஷன், இரண்டு பிள்ளைகளோடு நன்றாக இருக்கிறாள். ஆனால் அதற்கு முன்னால் சில வருடம் இந்த வீட்டில் அப்பாவும் மகளும் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று லூர்து சொன்னார்.

கோல்ஃபில், பந்து யார் மேலாவது போகும்போல் இருந்தால் "ஃபோர்" என்று கத்த வேண்டும். ஜாக்கிரதை, தலையைக் காத்துக்கொள் என்று அர்த்தம். ஜப்பானியர் வாயில் அது "ஃபோ" என்று நீளும், காற்றில் வரும்போது நம் காதுக்கு "போ"தான். இதைச் சொன்னேன். சூசை என்னை உற்றுப் பார்த்தார். நீ அவர் அனுப்பி வந்தவள், அப்படித்தான் பேசுவாய் என்றார். எனக்கு வந்ததே கோபம். பொய் சொல்ல நான் இவ்வளவு தூரம் வந்து, மனை விற்கிறவனிடம் மாட்டி, வெயிலில் கருக வேண்டுமா என்று வெடித்துவிட்டேன்.

அந்த நேரத்தில் முத்துச்செல்விதான் காப்பாற்றினாள். கைப்பேசியில் எதையோ தேடி ஒரு கோல்ஃப் வீடியோவை எடுத்து அவர் முன்னால் நீட்டினாள். யாரோ ஒரு வெள்ளைக்காரர் பந்தை அடித்தார், அது கோணலாகப் பறந்தது, உடனே கையை நீட்டி அடித்தொண்டையில் கத்தினார். வேடிக்கை பார்த்தவர்கள் எல்லோரும் தலையைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்கள். சூசை அதைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னார். கடைசியில் லூர்து சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்து அது அழுகையாகி, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். சூசை எழுந்தார். காலையில் பூசைக்குப் பிறகு வா என்று மட்டும் என்னிடம் சொன்னார்.

மூன்றாம் நாள் என்னைச் சித்தேரிக் கரைக்குக் கூட்டிப் போனார். முந்தின நாள் நான் பார்த்துவிட்டு, இதுவும் இல்லை என்று தள்ளிய அதே ஏரி. தண்ணீர் இருந்தது, இரண்டு கொக்கு இருந்தன, திட்டு இல்லை. இவர் வேலையை விட்டதும் புல் முட்காடாகிவிட்டது, மற்ற ஜப்பானியர்களும் ஒவ்வொருவராக ஊர் திரும்பிவிட்டார்கள். பிறகு ரோடு போட சவுடு மண் தேவைப்பட்டது. லாரி லாரியாகத் திட்டையே வெட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். நீ வந்த ரோட்டுக்கு அடியில்தான் மூன்று குழியும் இருக்கிறது என்றார். சொல்லிக்கொண்டே ஒவ்வொரு குழியும் இருந்த இடத்தைத் தண்ணீருக்கு மேல் கையால் காட்டினார். ஆடு படுக்கும் இடத்தையும் காட்டினார்.

மொரிதா சானுக்கு இதய ஆபரேஷன், அதற்கு முன்னால் அவரை வீடியோவில் கூப்பிடட்டுமா என்று கேட்டேன். சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டார். அவருக்கு எப்போது ஆபரேஷன் என்று கேட்டார். வியாழக்கிழமை என்றேன். அப்படியானால் கல்யாணம் நின்ற விஷயத்தைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். நான் மொழிபெயர்த்துச் சம்பாதிக்கிறவள். கேட்டதைக் கேட்டபடி சொல்வதுதான் என் தொழில் தர்மம் என்று பெருமையடிப்பவள். கெட்ட செய்தியானாலும் மறைக்காதே என்று அங்கே ஒருவர் கேட்டிருக்கிறார், சொல்லாதே என்று இங்கே ஒருவர் கேட்கிறார். யாருடைய ஆளாக நான் நிற்பது?

மொரிதா சான் திரையில் வந்தார். சூசையைப் பார்த்ததும் எழுந்து நின்றார். நெஞ்சில் கைவைத்துக் குனிந்தார், நிமிரவே இல்லை. கீழே உட்காரச் சொல்லும்மா, ஒடம்பு சரியில்லாதவரு என்று சூசை பதறினார்.

பந்து யார் மேலாவது பட்டதா என்றுதான் மொரிதா சான் முதலில் கேட்டார். தண்ணீரில்தான் விழுந்தது, ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை என்று சூசை சொன்னதைச் சொன்னேன். அந்தப் பக்கம் நீண்ட மூச்சு கேட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்ப மாட்ட மறந்துவிட்டார். பிறகு, நான் எது கேட்கக் கூடாது என்று பயந்துகொண்டிருந்தேனோ அதைக் கேட்டார். அடிபடவில்லை என்றால் சூசை சான் ஏன் மறுநாள் வரவில்லை?

அதைத் தமிழில் சொன்னேன். சூசை என்னைப் பார்க்கவில்லை, திரையைத்தான் பார்த்தார்.

"அன்னிக்கி எனக்குக் காது சரியா கேக்கலன்னு சொல்லு."

சொன்னேன். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. மொரிதா சானுக்கு முகமெல்லாம் கவலை. அப்படியா, அப்போதே தெரிந்திருந்தால் நல்ல டாக்டரிடம் கூட்டிப் போயிருப்பேனே, இப்போது காது எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். அதையும் சூசையிடம் சொன்னேன்.

அவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நேத்துலேர்ந்து நல்லா கேக்குதுன்னு சொல்லும்மா."